ஒரு சிலிண்டர் எரிந்தால் 22 லிட்டர் தண்ணீர்! செட்டிநாட்டுப் புகைபோக்கி ஏன் வியர்க்கிறது?

(காட்சி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. இரண்டாம் கட்டின் அடுப்படிச் சுவர்.)

வணக்கம். சுவரில் வழிந்திருக்கும் இந்தப் பழுப்புக் கறை மழைநீரால் வந்ததன்று. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, தை மாதத்து விடியற்காலைகளில்தான் இது இறங்கத் தொடங்கியது. வீட்டு ஆச்சி கொத்தனாரை வரவழைத்து இருமுறை ஓடு மாற்றிப் பார்த்துவிட்டார், கறை நிற்கவில்லை. தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, சிலிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

விறகடுப்புக்காகக் கட்டிய புகைபோக்கியில் கேஸ் கீசரின் குழாயைச் செருகிவிட்டார்கள். பின்னணி அவ்வளவுதான், எனக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம்.

சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அவற்றிலுள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீரைத் தரும். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, நாம் வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நிரம்பி வழியும்! உள்ளே இருந்ததைவிட அதிக எடை எப்படி வந்தது என்றால், ஆக்சிஜனின் எடை காற்றிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது.

நம்பிக்கை வரவில்லையா? எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் கேஸ் அடுப்பில் வையுங்கள். முதல் அரை நிமிடத்தில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் பனித்துளி பூத்ததுபோல் மங்கும். பிறகு சூடேறியதும் மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகுகிறது என்று நினைத்து எத்தனை முறை துடைத்திருப்போம்! அந்தத் துளிகள் தீயிலிருந்து பிறந்தவை. இன்றே செய்து பார்த்துக் கீழே எழுதுங்கள்.

இந்தப் புகைபோக்கியும் அந்தக் குளிர்ந்த பாத்திரம்தான். கேஸ் புகையிலுள்ள நீராவி, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் நீராகிவிடும். விறகடுப்பு மணிக்கணக்கில் எரிந்து சுவரையே சூடாக்கி வைத்திருந்தது; கீசரோ பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சிறு குழாயிலிருந்து வரும் புகை அகன்ற கூண்டுக்குள் பரவி, வேகம் குறைந்து, சில்லென்ற செங்கல்லில் உரசிக்கொண்டே ஏறுகிறது. அங்கே படியும் நீரில் கரியமில வாயு கரைவதால் அது மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புக் காரையைச் சிறுகச் சிறுக அரித்து, பல தலைமுறை விறகுக் கரியையும் கரைத்துக்கொண்டு சுவரில் இறங்குகிறது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சுக்கு இப்படி ஒரு கதியா என்று எனக்குக் கோபமே வந்தது.

இங்கிலாந்தில், வேண்டுமென்றே இந்த நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் கறந்துகொள்ளும் பாய்லர்களையே பொருத்த வேண்டும் என்று 2005 முதல் பெரும்பாலும் விதியாக்கிவிட்டார்கள். நம் கீசர் அந்த வகையன்று.

தீர்வு இதுதான்: முதலில் பழைய கரியை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு கீசரின் வாய் அளவுக்கே பொருந்தும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை அடியிலிருந்து உச்சிவரை இறக்கி, சூடு தாங்கும் பாறையிழைக் கம்பளியால் (வீட்டுக் கம்பளி அன்று) சுற்ற வேண்டும். இணைப்புகளில் மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் வழியும் நீர் வெளியே கசியும். உச்சியில் மழைமூடியும் அடியில் நீர் வடிய ஒரு வழியும் தேவை.

புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே கீசரைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கீசரை எரியவிட்டு, சில நிமிடங்கள் கழித்து, அதன் புகைவாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கி வந்தால், உடனே அணைத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டு, பொருத்தியவரை மறுபடி அழையுங்கள்.