தொடையின் நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டினால் போர் விமானி ஆக முடியாதா?

[திரையில்: விமானி இருக்கையின் பக்கவாட்டு வரைபடம்]

வணக்கம். இந்திய விமானப்படையில் விமானி ஆக விரும்புகிறவரை மருத்துவப் பரிசோதனையில் நிமிர்ந்து உட்காரவைத்து, இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்காலின் முன்முனை வரை அளப்பார்கள். அந்த அளவு 64 சென்டிமீட்டரைத் தாண்டினால், எழுத்துத் தேர்வில் அவர் நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்தாலும் பறக்கும் பிரிவுக்குத் தகுதி பெறமாட்டார். தந்தை படையில் இருந்திருக்க வேண்டும், வீட்டில் வசதி இருக்க வேண்டும் என்றெல்லாம் நம் ஊர்களில் சொல்வார்கள். விதிகளில் அப்படி எதுவும் இல்லை. உண்மையான சல்லடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

நுழைவு வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு என்டிஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாதமியின் நுழைவுத் தேர்வு. பட்டதாரிகளுக்கு முப்படைகளுக்கும் பொதுவான சிடிஎஸ் தேர்வும், விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட் என்ற பொது நுழைவுத் தேர்வும். என்சிசி எனப்படும் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத சிறப்பு நுழைவு. என்டிஏ விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் அதையும் கட்ட வேண்டியதில்லை. தனியார் பள்ளியில் விமானி உரிமம் பெறப் பல லட்சம் ரூபாய் செலவாகும் நாட்டில், இங்கே பயிற்சிச் செலவு முழுவதும் அரசுடையது என்பதோடு, இறுதி ஓராண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

இப்போது அந்த 64 சென்டிமீட்டருக்கு வருவோம். இந்தக் காணொளியை நான் உருவாக்கியதே இதற்காகத்தான். நகரப் பேருந்தில் முன்னிருக்கை முழங்காலில் இடித்தால் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிடலாம். போர் விமானத்தில் ஆபத்து நேர்ந்து வெளியேறும் கைப்பிடியை இழுத்தால், இருக்கை விமானியோடு சேர்ந்து மேல்நோக்கிப் பாயும். தொடை நீளமாக இருந்தால் எதிரே உள்ள கருவிப் பலகையின் விளிம்பில் முழங்கால் மோதிச் சிதைந்துவிடும். அதேபோல், உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விமானத்தின் மூக்கைத் தாண்டி ஓடுதளம் தெரியாது, 96-ஐத் தாண்டினால் தலை மேற்கூரைக் கண்ணாடியை நெருங்கிவிடும். கால் நீளம் 99 சென்டிமீட்டராவது இல்லாவிட்டால் பாத மிதிகள் முழுதாக எட்டாது. ஆக, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உலோக விளிம்பு இருக்கிறது.

[திரையில்: 4,063 புள்ளிகள்; ஒவ்வொன்றாக மறைகின்றன]

இந்த விளிம்புகள் யாருடைய உடலுக்காக வரையப்பட்டவை? இதற்கு விடை தேடினால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. அந்நாட்டு விமானிகளின் இருக்கைகள் அதுவரை 1920-களில் எடுக்கப்பட்ட சராசரி அளவுகளை ஒட்டியே அமைக்கப்பட்டிருந்தன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், உயரம், மார்பளவு, கை நீளம் உள்ளிட்ட பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவில் வரும் 30 விழுக்காட்டினரைச் சராசரி என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டு, பத்து அளவுகளிலும் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை! மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் பொருந்தியவர்கள் 3.5 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாருக்கும் பொதுவாக அமைத்த இருக்கை, உண்மையில் எவருக்கும் அமைத்ததாக இல்லை. இருக்கையையும் மிதிகளையும் முன்பின்னாக நகர்த்தும் வசதி பரவலானதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் நகர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வரைந்தவர்கள் மனத்தில் வைத்திருந்தது ஆண் உடலை மட்டுமே. அமெரிக்காவில் விமானிகளுக்கான குறைந்தபட்ச உயரம் 5 அடி 4 அங்குலம் என்று இருந்தபோது, 20 முதல் 29 வயதுள்ள அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் அந்த ஒரே வரியில் வெளியேறினர். 2020-இல்தான் அந்தப் பொதுவிதியை நீக்கி, ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட விமானங்களோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் பறக்கும் பிரிவில் குறைந்தபட்ச உயரம் 162.5 சென்டிமீட்டர், இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ 152-க்கு அருகில். நாம் பயன்படுத்தும் பயிற்சி விமானங்களில் பிலாட்டஸ் சுவிட்சர்லாந்திலும், ஹாக் பிரிட்டனிலும் வடிவமைக்கப்பட்டவை; அவற்றின் இருக்கையை நாம் மாற்ற முடியாது, சரி. பெங்களூரில் இப்போது வடிவமைக்கப்பட்டுவரும் ஆம்கா போர் விமானத்திலாவது நம் பெண்களின் அளவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உடன்படாதவர்கள் கருத்துப் பகுதியில் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

இத்தனை தடைக்கும் நடுவில், 2016 ஜூன் 18 அன்று ஹைதராபாத் அருகே துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றனர். மோகனா சிங்கின் குடும்பத்தில் விமானப்படைப் பின்னணி உண்டு. பாவனா காந்த்தின் தந்தை எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அவனி சதுர்வேதி 2018-இல் மிக்-21 விமானத்தைத் தனியாக ஓட்டினார். என்டிஏவின் கதவு பெண்களுக்குத் திறக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. (இவர்களைப் போன்றோருக்குப் பறக்கக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் உருவாகும் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது என்பதைச் சென்னைக்காரர்களே பலர் அறிந்திருப்பதில்லை.)

அடுத்த சல்லடை, விமானித் திறன் தேர்வு. திரையில் நகரும் குறியைக் கைப்பிடியாலும் பாத மிதியாலும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்த வேண்டும். கருவிகளைப் பார்த்து விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று நொடிகளில் சொல்ல வேண்டும். இதில் ஒருமுறை தோற்றால், எந்த வழியில் வந்தாலும் வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. எனவே முந்தைய நாள் இரவு கண்விழித்துப் படிப்பதைவிட நன்றாகத் தூங்குவதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, நம் மாணவர்களைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் வெளியேற்றும் தடையைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவருக்கு, பின்னர் எந்தப் பட்டம் பெற்றாலும், ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்குள் வர முடியாது. அதாவது, பதினைந்து வயதில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் வணிகவியல் பிரிவைக் குறிக்கும்போதே அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. அதைச் சொல்ல அந்த மேசையில் யாரும் இருப்பதில்லை. தேர்வுத்தாள் தமிழில் கிடையாது. என்டிஏ பொதுத்திறன் தாளின் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கே உரியது, ஏஎஃப்கேட் முழுவதும் ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கும் மாணவர் பத்தாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழைப் படிக்கத் தொடங்கினால் இந்த இடைவெளியைக் கடந்துவிடலாம். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே என்சிசி விமானப் பிரிவு உண்டா என்று முதல் வாரத்திலேயே விசாரிக்க வேண்டும். விதிகளும் அளவுகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுமையாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு, சேர்க்கை தொடங்கும் முன்பே இந்தக் காணொளியை அனுப்பிவிடுங்கள்.