பெரிய படங்களிடம் ஒரு சாதாரணப் பார்வையாளரின் எதிர்பார்ப்பு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். இயக்குநர்களின் பேட்டிகளைத் தேடிப் படிப்பதும், டிரெய்லர் வந்த அன்றே அதை நொடி நொடியாக அலசுவதும் என் வழக்கமில்லை. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போய்ப் பார்ப்பவன். தீவிர ரசிகர்கள் முதல் வாரத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதற்குப் பின்னும் ஒரு படம் ஓடுகிறதென்றால் அது என்னைப் போன்றவர்களும் வந்து பார்ப்பதால்தான். அந்த உரிமையோடு, அண்மைக் காலத்தில் உலகெங்கும் வெளியான பெரிய படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு படத்தில் யாருக்காக, எதற்காக நான் பதற வேண்டுமோ, அதை அந்தப் படமே எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. சில படங்களின் காட்சிகளையும் முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2022-இல் வெளியான ‘டாப் கன்: மேவரிக்’ இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. முதல் படம் வந்தது 1986-இல். இடையில் 36 ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் படத்தைப் பார்க்காத ஒருவருக்கும், பார்த்து மறந்துவிட்ட ஒருவருக்கும் தேவையானவற்றை இரண்டாவது படம் தன் போக்கிலேயே தந்துவிடுகிறது. நாயகனின் நண்பர் பழைய விபத்தில் இறந்தார் என்பதும், அவருடைய மகன்தான் இப்போது பயிற்சிக்கு வந்திருக்கும் விமானி என்பதும், சில புகைப்படங்கள், ஒரு பியானோப் பாட்டு, இரண்டொரு பழைய காட்சித் துணுக்குகள் ஆகியவற்றாலேயே நமக்குப் புரிந்துவிடுகின்றன.

அதைவிட என்னைக் கவர்ந்தது, இறுதித் தாக்குதலுக்கு அந்தப் படம் நம்மைத் தயார்ப்படுத்தும் விதம். குறுகிய பள்ளத்தாக்கில் ஏவுகணைகளின் பார்வைக்குக் கீழே தாழப் பறக்க வேண்டும். செங்குத்தான மலையில் ஏறி, மறுபக்கம் தலைகீழாக இறங்கி, சிறிய இலக்கின் மீது குண்டு வீச வேண்டும். வீசிய கையோடு, உடல் தாங்க முடியாத அழுத்தத்தில் மீண்டும் மேலேற வேண்டும். இவை அனைத்தும் முதலில் பலகையிலும் திரையிலும் விளக்கப்படுகின்றன. இலக்கை அடைய 2 நிமிடம் 30 நொடிதான் அவகாசம். பயிற்சியில் இளம் விமானிகள் அடுத்தடுத்துத் தோற்கிறார்கள். முடியவே முடியாது என்று மேலதிகாரி அவகாசத்தைக் கூட்டும்போது, நாயகன் மேவரிக் தானே ஒரு விமானத்தை எடுத்துச் சென்று 2 நிமிடம் 15 நொடியில் முடித்துக் காட்டுகிறார். ஆகவே உண்மையான தாக்குதல் தொடங்கும்போது, எந்தத் திருப்பத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அரங்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. நடிகர்களை உண்மையான போர் விமானங்களின் பின்னிருக்கையில் அமர்த்திப் படமெடுத்ததால், அவர்களுடைய முகம் இழுபடுவதும் மூச்சுத் திணறுவதும் நடிப்பாகவே தெரியவில்லை. ஆனாலும் நான் இருக்கையின் நுனிக்கு வந்ததற்கு அந்த விமானங்களைவிட, முன்பே சொல்லித் தரப்பட்ட அந்தக் கணக்கே காரணம் என்பேன்.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை ‘தி மார்வெல்ஸ்’ தந்தது. 2023-இல் வந்த அந்தப் படத்தின் மூன்று நாயகியரில் இருவர், அதற்கு முன் ஓடிடியில் வெளியான இரண்டு தொடர்களிலிருந்து நேராக நடந்து வருகிறார்கள். மோனிகாவுக்குச் சக்தி எப்படி வந்தது என்பது ‘வாண்டாவிஷன்’ தொடரில் இருக்கிறது. கமலா கான் யார் என்பது ‘மிஸ் மார்வெல்’ தொடரில் இருக்கிறது. அவற்றைப் பார்த்தவர்கள் கைதட்டிய இடங்களில் நான் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமலாவாக நடித்த இமான் வெல்லானியின் துள்ளலும் குதூகலமும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் எனக்கு ஏற்பட வேண்டிய நெருக்கம் வேறெங்கோ விதைக்கப்பட்டு, இங்கே அறுவடை மட்டும் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவெர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ படத்திலும் இதே குறைதான். ஒரு தாயின் பெருந்துயரமே அந்தக் கதையை நகர்த்துகிறது. அந்தத் துயரமோ ஒரு தொடருக்குள் இருக்கிறது. முன்கதை இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ‘அவதார்’ படத்தின் இரண்டாம் பாகம் 13 ஆண்டுகள் கழித்து வந்தபோது, தொடக்கத்திலேயே நாயகனின் குரலில் இடைக்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, வந்தவர்கள் எல்லோரையும் உள்ளே அழைத்துக்கொண்டது.

நீளத்தைப் பற்றிப் பலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. 192 நிமிடம் ஓடிய ‘அவதார்’ இரண்டாம் பாகத்திலும், 180 நிமிடம் ஓடிய ‘ஓப்பன்ஹைமர்’ படத்திலும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் 1945 ஜூலை 16-ஆம் தேதி நடந்த முதல் அணுகுண்டுச் சோதனை வெற்றி பெற்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஆயினும், வெடிப்பு காற்று மண்டலத்தையே பற்ற வைத்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்று விஞ்ஞானி சொல்ல, முற்றிலும் இல்லை என்று கேட்கத்தான் ஆசைப்பட்டேன் என்று தளபதி பதில் சொல்லும் ஒரு சிறு உரையாடல் அங்கே நம் மனத்தில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. அதனால்தான் வெடிப்பின்போது ஒலியே இல்லாமல் நெருப்பு மட்டும் எழுந்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த நீண்ட அமைதியில் அரங்கமே அசையாமல் இருந்தது.

இனி கிராபிக்ஸ். ஜப்பானிலிருந்து 2023-இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எழுதி இயக்கிய தகாஷி யமசாகியே அதன் காட்சி விளைவுகளையும் மேற்பார்வையிட்டார். 35 பேர் கொண்ட சிறிய குழு 610 காட்சித் துண்டுகளை உருவாக்கியது. 2024-இல் அதற்காக ஆஸ்கர் விருதும் கிடைத்தது. பன்மடங்கு செலவில் எடுக்கப்பட்ட படங்களை அது எப்படி வென்றது என்பதற்கான விடை, கின்சா வீதிக் காட்சியில் இருக்கிறது. அந்தக் காட்சிக்கு முன்பே, போரில் எரிந்துபோன ஊரில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் அநாதைக் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் ஒண்டி வாழ்வதையும், இடிபாட்டில் இருந்த அந்தக் குடிசை சிறுகச் சிறுக வீடாவதையும் நாம் பொறுமையாகப் பார்த்திருக்கிறோம். காட்ஸில்லாவின் வாயிலிருந்து வெடிப்பு எழுந்ததும், அந்தப் பெண் அவனை இரு கட்டடங்களுக்கு நடுவே தள்ளிவிட்டுத் தான் அடித்துச் செல்லப்படுகிறாள். பிறகு கறுப்பு மழை பெய்கிறது. அதில் நனைந்தபடி அவன் அலறுகிறான். நகரம் தரைமட்டமாவதை எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று. அந்த ஒரு அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. படத்தின் முடிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று தெரியும். அதையும் அந்தப் படம் ஒரு விலையோடுதான் தருகிறது.

விலை என்று சொன்னதும் சூப்பர்ஹீரோ படங்களில் வரும் மரணங்கள் நினைவுக்கு வருகின்றன. 2017-இல் ‘லோகன்’ படத்தில் வுல்வரின் இறந்தபோது கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். 2024-இல் ‘டெட்பூல் & வுல்வரின்’ படத்தில் வேறோர் உலகத்து வுல்வரினாக அதே ஹியூ ஜாக்மன் திரும்பி வந்தார். அந்தப் படம் தொடங்குவதே பழைய வுல்வரினின் சமாதியைத் தோண்டும் காட்சியோடுதான். 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் உயிர்விட்ட டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர், வேறொரு பாத்திரத்தில், வில்லனாக, அதே தொடர்வரிசைக்குத் திரும்புவதாக 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இருவரும் அருமையான நடிகர்கள். அவர்களைப் பார்க்க மக்கள் விரும்புவதும் இயல்பே. ஆனால், எத்தனை உலகங்கள் வேண்டுமானாலும் உண்டு, எவர் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டால், ஒரு பாத்திரம் குற்றுயிராகக் கிடக்கும்போது என் மனம் பதறாமல், அடுத்த படத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று கணக்குப் போடத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற அந்தக் கண்ணீரைப் படைப்பாளிகள் இவ்வளவு எளிதாகக் கைவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையளிக்கிறது. டவுனி நடிக்கும் அந்தப் படத்தையும் நான் போய்ப் பார்ப்பேன். அவருடைய புதிய பாத்திரத்தைக் கண்டு அஞ்சுவதற்கான காரணத்தை அந்தப் படம் தன் முதல் அரை மணி நேரத்துக்குள் எனக்குத் தர வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறேன்.

நன்றி. வணக்கம்.