எண்பதுகளின் கணக்கில் விட்டுப்போன சிரிப்பு

(திரைப்பட ரசிகர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் டீன்ஏஜ் காமெடிப் படங்கள் என்று பேச்செடுத்தாலே ஜான் ஹியூஸ் பெயர்தான் முதலில் வந்து நிற்கும். 1984-ல் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்', 1985-ல் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்', 1986-ல் 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' என்று வரிசையாக எடுத்துத் தள்ளியவர். கடைசி இரண்டு படங்களும், பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டன. அவரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் ஒரு பத்தாண்டு முழுவதையும் ஒரே ஆளின் பெயரில் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம். அதே வருடங்களில், அதே வயதுப் பிள்ளைகளைப் பற்றி, பெண்கள் இயக்கிய காமெடிப் படங்கள் வந்தன. அவை மட்டமான சரக்காக ஆர்டர் செய்யப்பட்டு, மட்டமான சரக்காகவே விற்கப்பட்டன. பார்த்தவர்களுக்குத்தான் உள்ளே இருந்தது என்னவென்று தெரியும். இன்றைக்கு அவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1982-ல் 'போர்க்கீஸ்' என்ற படம் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடு ஓடு என்று ஓடியது. வட அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூல். பெண்கள் குளிக்கும் இடத்தைப் பையன்கள் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதுதான் அதில் பேர்போன காட்சி. அப்புறம் என்ன, சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது. புதுமுகங்கள், குறைந்த செலவு, ரேடியோவில் ஓடுகிற பாட்டு, அங்கங்கே உடை களையும் காட்சி. இதற்கு யார் இயக்குநராக இருந்தாலும் சரிதான் என்று நினைத்தார்கள். பெரிய படங்களில் நுழைய முடியாத பெண்களுக்கு இந்தச் சின்னக் கதவு திறந்தது அப்படித்தான்.

பெரிய கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1979-ல் அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பெண்கள் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். 1949 முதல் 1979 வரை முப்பது வருடத்தில் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட படங்கள் 7,332. அவற்றில் பெண்கள் இயக்கியவை 14. ஏழாயிரத்துச் சொச்சத்தில் பதினாலு! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சங்கமே 1983-ல் கொலம்பியா, வார்னர் பிரதர்ஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டது. இந்த வழக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அதற்கு வருகிறேன்.

முதல் படம், 1983-ல் வந்த 'வேலி கேர்ள்'. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. வசதியான நடுத்தரக் குடும்பங்கள் குடியிருக்கும் புறநகர். அங்கே ஷாப்பிங் மாலே கதியென்று கிடக்கும் பெண்களின் பேச்சை நையாண்டி செய்து, ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா தன் மகள் மூனைப் பேசவைத்து 1982-ல் ஒரு பாட்டு வெளியிட்டார். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தச் சூட்டிலேயே காசு பார்க்க எடுக்கப்பட்ட படம் இது. படத்தை நிறுத்த ஸாப்பா வழக்குக்கூடப் போட்டார், பலிக்கவில்லை. பட்ஜெட் மூன்றரை லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை.

இயக்கியவர் மார்த்தா கூலிட்ஜ். அவர் யாரென்று தெரிந்தால்தான் இந்தப் படத்தின் அருமை புரியும். 1976-ல் 'நாட் எ ப்ரிட்டி பிக்சர்' என்று ஒரு படம் எடுத்திருந்தார். பதினாறு வயதில், தெரிந்த பையன் ஒருவனாலேயே தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதை நடிகர்களை வைத்து மறுபடி நடிக்கவைத்து, நடுநடுவே நிறுத்தி, அவர்களோடு அதைப் பற்றிப் பேசி எடுத்த படம். அப்படிப்பட்ட ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது 'போர்க்கீஸ்' மாதிரி வேண்டும் என்று நினைத்த ஒரு தயாரிப்பு! உடை களையும் காட்சிகள் கட்டாயம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டதைக் கூலிட்ஜே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டார், எடுத்தும் கொடுத்தார். ஆனால் கதை யாருடையது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கதை ரொம்பச் சாதாரணம். பள்ளத்தாக்குப் பெண் ஜூலிக்கும் ஹாலிவுட் பக்கத்தில் பங்க் ராக் இசையும் கலகத் தோற்றமுமாகத் திரியும் பையன் ராண்டிக்கும் காதல். ஜூலியாக டெபோரா ஃபோர்மன், ராண்டியாக நிக்கோலஸ் கேஜ். கேஜ், இயக்குநர் கப்போலாவின் குடும்பத்துப் பையன், அந்தப் பெயரை விட்டுவிட்டு கேஜ் என்ற பெயரில் வந்த முதல் படம் இதுதான்.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் பார்ட்டி. அழையாமல் வந்த ராண்டியை, ஜூலியின் பழைய காதலன் டாமி அடித்துத் துரத்திவிடுகிறான். ராண்டி பாத்ரூம் ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே ஏறிக் குதித்து, குளிக்கும் இடத்தில் ஒளிந்துகொள்கிறான். ஜூலி வருவாளா என்று காத்திருக்கிறான். யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். அவன் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். இதே குளியலறையை வைத்துத்தானே முந்தின வருடம் இன்னொரு படம் கோடிகளை அள்ளியது? அங்கே பையன்கள் ஒளிந்திருந்தது பார்ப்பதற்கு. இங்கே ஒரு பையன் ஒளிந்திருப்பது ஒரு பெண்ணோடு பேசுவதற்கு. காமெடி அவன் அவஸ்தையில் இருக்கிறது, அடுத்தவர் உடம்பில் இல்லை. கூலிட்ஜ் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று யாராவது கேட்டால், அவருடைய 1976 படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன்.

ஜூலியின் பெற்றோரும் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். அறுபதுகளின் ஹிப்பிகள், இப்போது இயற்கை உணவுக் கடை நடத்துகிறார்கள். வழக்கமாக இந்த வகைப் படங்களில் பெற்றோர் என்றால் கத்துவார்கள், இல்லையென்றால் ஊருக்குப் போயிருப்பார்கள். இங்கே பெற்றோர் சுதந்திரமாக இருக்கிறார்கள், பிள்ளைதான் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து சாகிறாள். தோழிகள் நெருக்குகிறார்கள், அந்தஸ்து குறைந்துவிடும் என்கிறார்கள். அவள் மனமில்லாமல் டாமியிடமே திரும்பிப் போகிறாள். வில்லன் என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை, தோழிகளின் அன்பே போதுமானதாக இருக்கிறது. எண்பதுகளில் அதிபராக இருந்த ரேகன் காலத்து இளைஞர்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படிக்கலாம். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

படம் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது. போட்ட பணத்துக்கு எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருந்தும் அது ஏன் கண்ணில் படாமல் போனது? பாட்டுதான் காரணம். படம் முழுக்க அந்தக் காலத்து நியூ வேவ் என்ற பாப் இசை வகைப் பாடல்கள். மாடர்ன் இங்கிலீஷ் குழுவின் 'ஐ மெல்ட் வித் யூ' இந்தப் படத்தால்தான் அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க உரிமை வாங்கும்போது, பெரும்பாலும் தியேட்டருக்கும் டிவிக்கும் மட்டும்தான் எழுதி வாங்குவார்கள். வீட்டில் உட்கார்ந்து கேசட்டில் பார்ப்பார்கள், பிறகு டிவிடி வரும், அதற்குப் பிறகு ஓடிடி வரும் என்று யார் கண்டார்கள்? ஒவ்வொரு புது வடிவத்துக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பாட்டை எழுதியவருக்கு ஒரு உரிமை, பதிவு செய்த கம்பெனிக்கு இன்னொரு உரிமை. பெரிய ஸ்டுடியோ படம் என்றால் கட்டிவிடுவார்கள். சின்னப் படம் பெட்டியிலேயே கிடக்கும். 'வேலி கேர்ள்' பாடல் தொகுப்பே 1994-ல்தான், படம் வந்து பதினொரு வருடம் கழித்துத்தான், ரைனோ நிறுவனம் மூலம் ஒழுங்காக வெளிவந்தது. 1980-ல் வந்த 'லிட்டில் டார்லிங்ஸ்' என்ற இன்னொரு அருமையான படமும் இதே பாட்டு உரிமைச் சிக்கலில் பல பத்தாண்டுகள் டிவிடி பக்கமே வராமல் கிடந்தது. நினைவு என்பது ரசனையால் மட்டும் உருவாவதில்லை, நண்பர்களே. ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒரு வரிக்குக்கூட அதில் பங்கு உண்டு.

இரண்டாவது படம் 'ஜஸ்ட் ஒன் ஆஃப் தி கைஸ்', 1985. இயக்கியவர் லிசா காட்லிப். டெர்ரி என்ற பள்ளி மாணவி பத்திரிகைக்காரியாக ஆசைப்படுகிறாள். செய்தித்தாளில் கோடைக்கால வேலைக்கான போட்டியில் அவள் கட்டுரை எடுபடவில்லை. பெண் என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறாள். முடியை வெட்டி, பையன் வேஷம் போட்டு, வேறு பள்ளியில் போய்ச் சேர்கிறாள். எப்படி நடப்பது, எப்படி உட்காருவது என்று தம்பி பாடம் நடத்துகிறான். பெண்ணொருத்தி ஆண் வேஷம் போடும் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தைத் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதை புரிந்துவிடும். டெர்ரியாக நடித்த ஜாய்ஸ் ஹைசர் அந்த வேஷத்தை வெறும் கோமாளித்தனமாக ஆக்காமல் செய்திருப்பார்.

இந்தப் படத்தை வெளியிட்ட நிறுவனம் எது தெரியுமா? கொலம்பியா. பெண் இயக்குநர்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்று 1983-ல் வழக்கை வாங்கிய அதே கொலம்பியா. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, பெண் என்பதால் வேலை மறுக்கப்பட்டதாக நினைக்கும் ஒருத்தியின் கதையை, ஒரு பெண்ணை இயக்கவைத்து வெளியிடுகிறது. அதே 1985-ல் வழக்கும் தள்ளுபடி ஆனது. சங்கத்தில் ஆண்களும் பெண்களும் இருப்பதால், பெண்கள் சார்பில் வாதாட அதற்குத் தகுதியில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

இதிலும் உடை திறக்கும் காட்சி உண்டு. அது வரும் இடத்தைக் கவனியுங்கள். ரிக் என்ற நண்பனிடம் டெர்ரி உண்மையைச் சொல்கிறாள். அவன் நம்ப மறுக்கிறான். வேறு வழியில்லாமல் சட்டையைத் திறக்கிறாள். சூத்திரம் கேட்ட காட்சி கதையின் உச்சத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பார்க்கிறவனுக்குக் கிளுகிளுப்பு வருவதற்கு முன்னால் ரிக்கின் முகத்தில் உள்ள காயம் தெரிந்துவிடும். ஏமாற்றியது அவள்தானே! அதே நேரத்தில், ஓரினச் சேர்க்கையாளர்களைக் கேலி செய்யும் வசனங்கள் படம் நெடுகிலும் இருக்கின்றன. அவை இன்று காதில் விழும்போது கூசுகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி அழுக்கு ஹியூஸ் படங்களிலும் உண்டு. 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' நாயகி மாலி ரிங்வால்டே 2018-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் அந்தப் படங்களைப் பற்றி நேர்மையாக எழுதினார். அப்படி நின்று நிதானமாகப் பார்க்கும் மரியாதை காட்லிப் படத்துக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, மறுபடியும் கூலிட்ஜ். 'ரியல் ஜீனியஸ்', 1985 ஆகஸ்ட். அந்த மாதம் அமெரிக்கத் தியேட்டர்களில் ஹியூஸின் 'வியர்ட் சயின்ஸ்', டிஸ்னியின் 'மை சயின்ஸ் புராஜெக்ட்', இது என்று மூன்று அறிவியல் காமெடிகள் சில நாள் இடைவெளியில் வந்து இறங்கின. போதாக்குறைக்கு ஜூலையில் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' இன்னும் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. எப்படிப் பிழைக்கும்?

கலிஃபோர்னியாவின் பேர்பெற்ற அறிவியல் பல்கலைக்கழகமான கால்டெக் சாயலில் ஒரு கற்பனைக் கல்லூரி. அதிபுத்திசாலி மாணவர்கள் பேராசிரியருக்காக ஒரு லேசர் செய்கிறார்கள். அது வானத்திலிருந்து ஆளைக் கொல்லும் ஆயுதத்துக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. ரேகன் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது 1983 மார்ச்சில். இரண்டே வருடத்தில் ஒரு டீன்ஏஜ் காமெடி அதைக் கேட்டுவிட்டது: நீ படித்துக் கண்டுபிடித்ததை யார் எதற்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

இதில் ஒரு வகுப்பறைக் காட்சித் தொடர் இருக்கிறது. முதலில் வகுப்பு நிறைய மாணவர்கள், ஒரு மேஜையில் மட்டும் டேப் ரெக்கார்டர். அடுத்து வரும்போது ரெக்கார்டர்கள் கூடியிருக்கின்றன, மாணவர்கள் குறைந்திருக்கிறார்கள். கடைசியில் மிட்ச் என்ற சின்னப் பையன் உள்ளே நுழைந்தால் மேஜை முழுக்க ரெக்கார்டர்கள். ஆசிரியரும் இல்லை, அவர் இடத்தில் ஒரு ரெக்கார்டர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. வசனமே தேவைப்படாத காட்சி. ஆன்லைன் வகுப்பில் காலம் தள்ளிய இளைஞர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாயகனாக வால் கில்மர் கலக்கியிருப்பார். ஆனால் என் ஓட்டு ஜோர்டன் பாத்திரத்துக்குத்தான். தூங்காமல், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே எதையாவது செய்துகொண்டிருக்கும் பெண் விஞ்ஞானி. மிஷெல் மெய்ரிங்க் நடித்தது. அவளைக் கண்ணாடியைக் கழற்றி அழகியாக மாற்றும் வேலை இந்தப் படத்தில் கிடையாது. கடைசி வரை அவள் அவளாகவே இருக்கிறாள், மிட்சுக்கு அப்படியே பிடித்திருக்கிறது.

கூலிட்ஜ் 2002-ல் இயக்குநர்கள் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். காட்லிப்புக்குத் தொண்ணூறுகளில் ஓரிரு சின்னப் படங்களே வாய்த்தன.

அடுத்த திரையிடலுக்கு என்ன படம் என்று அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். 'வேலி கேர்ள்' போடுங்கள். உரிமைச் சிக்கலுக்காகப் பாட்டு மாற்றாத பிரதியா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். நேரமிருந்தால் 'நாட் எ ப்ரிட்டி பிக்சர்' படத்தையும் அதற்கு முன்னால் போடுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவோம். நன்றி.