நோகாத புண்

வணக்கம் நேயர்களே. பல் டொக்டரைக் கூப்பிட்டுப் புற்றுநோய் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று யோசிக்காதீர்கள். இந்த நாட்டில் ஆண்களுக்கு மற்றப் புற்றுநோய்களை விட அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய்தான். அதை முதலில் காண்பது பல நேரம் பல் பிடுங்கப் போகிற இடத்தில்தான்.

என் அம்மம்மா தம்பலகாமத்தில் இருந்தவர். இரவில் வெற்றிலையை இடித்து இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டுதான் படுப்பார். அந்தக் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை இருந்தது, சின்ன வயதில் நான் அதை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். "நோகுதா அம்மம்மா?" என்றால் "இல்லைப் பிள்ளை" என்பார். நோகவில்லை, அதனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது என்னவென்று எனக்கு விளங்கியது பேராதனையில் படிக்கப் போன பிறகுதான்.

அதனால்தான் அம்மம்மா செத்தார் என்று நினைக்க வேண்டாம். எண்பது தாண்டி இருதய வருத்தத்தில்தான் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ஒருவர் எழும்பி "எங்கட அப்பப்பா தொண்ணூறு வயது மட்டும் வெற்றிலை போட்டார், ஒன்றும் வரவில்லையே" என்பார். சரி, உண்மைதான். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளம் இறக்குகிற எல்லாரும் தாழ்வதில்லை, அதற்காக அந்தக் கடலை யாரும் நல்ல கடல் என்று சொல்வதுமில்லை. ஆபத்து என்பது அவ்வளவுதான், வரும் என்ற தீர்ப்பு இல்லை, வருகிற வாய்ப்பு கூடுகிறது. புகைத்தலும் சாராயமும் அதோடு சேர்ந்தால் இன்னும் பல மடங்கு கூடுகிறது.

உடம்பில் செல்கள் தேய்வதும் புதிதாகப் பிரிவதும் எப்போதும் நடக்கிற வேலை. பிரியும்போது பிழை வரும், அநேகமாக உடம்பே திருத்திவிடும். ஒரே இடத்தைத் தினமும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் அரித்துக்கொண்டிருந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் நிறுத்து என்றால் நிற்காத ஒரு கூட்டம் உருவாகிறது. இதற்குப் பல வருடம் எடுக்கும். அந்தப் பல வருடமும்தான் நமக்குக் கிடைக்கிற தவணை.

புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வெளியிட்டது. பாக்கில் இருக்கிற அரிகோலின் கன்னத்துத் தோலுக்கு அடியில் நார் நாராக இறுக்கம் உண்டாக்கும். முதலில் கறி உறைக்கும், வாய் எரியும். ஆட்கள் அதை உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடிப்பார்கள். பிறகு வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். இந்த இறுக்கம் பெரும்பாலும் திரும்பிச் சரிவராது, ஆனால் பாக்கை நிறுத்தினால் ஆபத்து குறையும்.

கண்ணாடி முன் டோர்ச் பிடித்து இரண்டு கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடி என்று பாருங்கள். வெள்ளைப் படை, சிவப்புப் படை, தடிப்பு, இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண். இதில் சிவப்புப் படைதான் எனக்கு அதிக பயம். நோகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், தொடக்கத்தில் அநேகமாக நோகாது.

மார்பகத்துக் கட்டியும் இப்படித்தான். நோகிற கட்டி என்றால் அடுத்த நாளே கிளினிக்குக்கு ஓடிவருவார்கள், நோகாததை ஒரு வருடம் சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டு அக்கா இல்லை. மாதவிடாய் முடிந்து சில நாட்களில் கையால் தடவிப் பாருங்கள். கருப்பைக் கழுத்துக்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது, புற்றாக மாறுவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனை செய்வார்கள், காசு இல்லை. தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே இந்தப் புற்றைத் தடுக்கிற ஊசியும் போடுகிறார்கள். ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு கிடைக்காது என்று வதந்தி கிளப்புகிறவர்களை நம்ப வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளி பல் பிடுங்க வந்தார். பல் ஆடியது உண்மைதான், ஆனால் பக்கத்தில் ஒரு புண் இருந்தது. சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். "கத்தி பட்டால் பரவும்" என்று ஊரில் சொல்லி, ஆள் ஐந்து மாதம் வரவில்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஒப்பரேஷனுக்குப் பிறகு இறந்தார்கள், ஊர் கத்தியின் மேல் பழியைப் போட்டது. அந்தத் துண்டு இல்லாமல் எது நோய், என்ன வகை என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

ஐந்து மாதத்தில் அவருடைய புண் கழுத்து நெறி வரை போயிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் ஒப்பரேஷன் மட்டும் போதுமாக இருந்திருக்கலாம், இப்போது அதோடு கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் என்றாயிற்று. கதிர்ச் சிகிச்சையை எங்கட ஆட்கள் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். கரண்ட் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே படம் எடுக்கிற கதிரின் பலமான வகை அது, கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு ஏழு கிழமை போகும். அதற்கு முன் பழுதான பற்களைப் பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு சரியாக ஆறாது. இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், நீங்களே கேளுங்கள். மருந்து ஏற்றும்போது முடி கொட்டலாம், ஏனென்றால் அந்த மருந்து வேகமாகப் பிரிகிற செல்களைத் தேடி அடிக்கிறது, முடியின் வேரும் அப்படிப்பட்டதே. முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். இதற்கெல்லாம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கே இரவு பஸ் ஏற வேண்டும் என்றும் இல்லை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன.

அவர் இப்போது திரும்பவும் கடலுக்குப் போகிறார். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும், சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிட வேண்டும். கரைவலை இழுக்கிற ஆட்களின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் ஒன்று அவருக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் தொல்லைதான். போன மாதம் இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார். ஒருவருக்கு ஒன்றுமில்லை, கன்னத்தைக் கடித்திருக்கிறார். மற்றவருக்கு இடது கன்னத்தில் வெள்ளைப் படை. நோகுதா என்று கேட்டேன், இல்லை என்றார்.