ஓமோன் ஊசி தொடங்கும் முன்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். திருகோணமலை நகரிலிருந்தும் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம் பக்கங்களிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஓமோன் குறைந்துபோவதையும், அதற்கு மருந்து தொடங்குவதையும் பற்றி இன்று பேசப்போகிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களே என்று வானொலியை மூடிவிட வேண்டாம். சீனி வருத்தம், பிரஷர் போல இதுவும் உடம்பில் வரும் ஒரு குறைபாடுதான். அப்படியே பேசுவோம்.

இது தொடர்பாக என்னிடம் வரும் ஆண்கள் இரண்டு வகை. ஒருவர் கைத்தொலைபேசியில் ஏதோ காணொளி பார்த்துவிட்டு, "டொக்டர், ஒரே களைப்பு, அந்த ஊசியைப் போட்டுவிடுங்கோ" என்று நேரே கேட்பவர். மற்றவர் வருடக்கணக்காக உள்ளுக்குள்ளேயே புழுங்கி, மனைவியிடம்கூட வாய் திறக்காமல், கடைசியில் இரத்தசோகை என்றோ சின்னதாக விழுந்து எலும்பு முறிந்தது என்றோ வேறொரு வாட்டுக்கு வந்து சேர்பவர். முதலாமவருக்குப் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. இரண்டாமவருக்கு அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். இருவருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: குறைந்திருக்கிறதா என்று ஒழுங்காகப் பாருங்கள், ஏன் குறைந்தது என்று கேளுங்கள், மருந்து அதற்குப் பிறகு.

இது புதுமையான அதிசய மருந்து அல்ல. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் காளை மாட்டின் விதைகளிலிருந்து இந்த ஓமோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டிலேயே ஆய்வுகூடத்தில் செய்யவும் பழகிவிட்டார்கள். தொண்ணூறு வருடப் பழக்கமுள்ள மருந்து என்பதால் அது செய்யும் நல்லதும் தெரியும், கெடுதியும் தெரியும். உடலுறவில் நாட்டம், விந்து உற்பத்தி, தசையின் வலு, எலும்பின் உறுதி, இரத்தத்தின் சிவப்பணு, மனத் தெம்பு எல்லாவற்றிலும் இந்த ஓமோனுக்குப் பங்கு உண்டு.

அறிகுறிகளில் ஒரு தரம்பிரிப்பு வேண்டும். களைப்பு, எரிச்சல், மறதி, தொப்பை ஆகியவை யாருக்கும் எதனாலும் வரலாம். கடன் இருந்தாலும் வரும், தூக்கம் இல்லாவிட்டாலும் வரும், தைரொயிட் குறைந்தாலும் வரும். ஓமோன் குறைவை உறுதியாகச் சுட்டுவன வேறு. விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது, ஆசையே அற்றுப்போவது, விறைப்பு வராமை, தாடியும் உடல் ரோமமும் குறைவது, மார்பு வீங்கி நோவது, விதைகள் சுருங்குவது போன்றவை அவை. 40 முதல் 79 வயது வரையான ஐரோப்பிய ஆண்களிடம் செய்து 2010இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், காலை விறைப்பு, ஆசை, உறவின்போது விறைப்பு என்ற மூன்றும் குறைந்து, இரத்தத்திலும் ஓமோன் குறைந்திருந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 2 பேர்தான். வயது போகப்போக அளவு மெல்ல இறங்குவது இயல்பு. அந்த இறக்கம் எல்லாம் நோய் அல்ல.

இனிப் பரிசோதனை. பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் விடிகாலையில் உச்சத்தில் நின்று, பின்னேரத்தில் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே காலை 10 மணிக்கு முன், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் போதாது, இன்னொரு நாள் அதே விதமாகத் திரும்பப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ வேறு கடும் வருத்தமோ வந்து தேறும் நாட்களில் பார்க்கவே கூடாது, அப்போது யாருக்கும் குறைந்துதான் காட்டும். வேலை முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு ஆய்வுகூடத்துக்குப் போய்க் கொடுத்த ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் போடும் மருந்தைத் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை.

நம் ஊருக்கென்று இதில் இரண்டு சங்கதி உண்டு. இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு விடியக் கரைக்கு வரும் தொழிலாளிக்கும், ஆலையிலும் துறைமுகத்திலும் இரவு வேலை செய்பவருக்கும், காலை எட்டு மணி அவருடைய உடம்புக்குக் காலை அல்ல. அவர் நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இரத்தம் கொடுப்பதே சரி. எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மற்றது, நோன்பு மாதத்தில் தூக்கமும் உணவு நேரமும் மாறிவிடுவதால், அவசரம் இல்லையென்றால் பெருநாள் கழிந்து ஓரிரு வாரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

அறிக்கையில் வரும் எண்ணைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். ஒரு ஆய்வுகூடம் 300 என்று எழுதும், இன்னொன்று 10.4 என்று எழுதும், வேறொன்று 3 என்று எழுதும். அளக்கும் அலகுதான் வேறு, மூன்றும் ஒரே அளவு. டெசிலீட்டருக்கு 300 நானோகிராம் என்பதைத்தான் பல வைத்தியர்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். எல்லையை ஒட்டி வந்தால், குறிப்பாக உடல் பருத்தவர்களுக்கு, புரதத்தோடு ஒட்டாமல் சுதந்திரமாக ஓடும் ஓமோனையும் கணக்கிட வேண்டியிருக்கும்.

குறைவுதான் என்று உறுதியானதும், ஏன் என்ற கேள்வி வரும். விதைகளுக்கு வேலை சொல்வது மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி. அது அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஓமோன்களையும் அளந்தால் பழுது மேலேயா கீழேயா என்று தெரிந்துவிடும். அவை கூடியிருந்தால் பழுது விதையில். சின்ன வயதில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியவர்கள், பிறவியிலேயே ஒரு நிறமூர்த்தம் கூடிப் பிறந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றியவர்கள் இந்தப் பக்கம். அவை குறைந்தோ, குறைந்த ஓமோனுக்கு ஈடுகொடுத்து ஏறாமலோ இருந்தால் பழுது மேலே. அப்போது கபச்சுரப்பியே சுரக்கும் புரொலக்டின் என்ற இன்னொரு ஓமோனையும் பார்த்தாக வேண்டும். கபச்சுரப்பியில் சிறு கட்டி வந்து, தலையிடியும் பக்கப் பார்வை மங்கலுமாக இருப்பவருக்குக் காரணம் தேடாமல் ஊசியைப் போட்டால் கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கபச்சுரப்பியில் படிந்தும் இது வரும். அந்தப் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடைமுறையில் நாம் அதிகம் காணும் காரணங்கள் பருத்த வயிறு, கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம், மூச்சடைக்கும் குறட்டை, மிதமிஞ்சிய சாராயம், நீண்ட காலம் எடுக்கும் ஸ்டீரொயிட் குளிசை, ட்ரமடோல் போன்ற நோமாற்றிகளும் ஹெரோயினும். இவற்றைச் சரிசெய்தாலே பலருக்கு ஓமோன் தானாக ஏறும். தூக்கத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. 2011இல் அமெரிக்காவில் திடகாத்திரமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, அவர்களின் பகல்நேர ஓமோன் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கிவிட்டது. இரவு இரண்டு மணி வரை தொலைபேசி பார்த்துவிட்டு ஊசி கேட்டு வரும் தம்பிமார் இதை மனதில் வைத்தால் நல்லது.

அடுத்தது, இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விடயம். உங்களுக்கு இனிமேல் பிள்ளை வேண்டுமா? வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடங்காதீர்கள். ஆண்மைக்கு ஊசி போட்டால் பிள்ளை பிறக்கும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். கடையிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தால் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் அல்லவா? அதுபோல, வெளியிலிருந்து ஓமோன் வந்ததும் கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் வேலையை விட்டுவிடும், விந்தணு குறையும், முற்றாக அற்றும் போகலாம். உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டு நடந்த அந்தச் சோதனையின் முடிவு 1990இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களின் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை.

நிறுத்தினால் திரும்பி வருமா என்றால், பெரும்பாலானோருக்கு வரும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். மனைவிக்கு வயது முப்பத்தாறு, முப்பத்தேழு ஆகியிருந்தால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். பழுது கபச்சுரப்பியில் இருந்தால், விதைகளையே தூண்டி வேலைசெய்ய வைக்கும் வேறு ஊசிகள் இருக்கின்றன. அவற்றால் ஓமோனும் ஏறும், விந்தணுவும் உண்டாகும். பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சுக் கேட்பவள் பெண்ணாகவே இருக்கிறாள், கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பவளும் அவள்தான். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிச் சந்தர்ப்பங்களில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை சின்ன வேலை. அதற்குக் கணவன் மறுக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகும்.

இதே காரணத்தால் உடற்பயிற்சி நிலையங்களில் கைமாறும் ஊசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பொடியன் நல்ல ஓமோனோடு இருக்கும்போதே, தோள் அகல வேண்டும் என்று மருத்துவ அளவைப் போல் பல மடங்கு ஏற்றிக்கொள்கிறான். நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் சொந்த ஓமோன் வராமல், சோர்ந்து, மனமுடைந்து வருகிறான். தாய் தகப்பன்மார் திட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களைத் தேற்ற வழி உண்டு.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியிலோ மார்பிலோ புற்றுநோய் உள்ளவர்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி மூச்சு வாங்குபவர்கள், ஏற்கெனவே சிவப்பணு கூடி இரத்தம் தடித்தவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்தைத் தொடங்குவதில்லை. இதயத்தைப் பற்றிய பயம் நீண்ட காலம் இருந்தது. இதயநோய் உள்ள, அல்லது வரக்கூடிய 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த ஆய்வு 2023இல் வெளியாகி, மாரடைப்பும் பக்கவாதமும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு, மருந்தில்லாத போலி ஜெல் பூசியவர்களை விடக் கூடவில்லை என்று காட்டியது. ஆறுதலான செய்திதான். ஆனால் அதே ஆய்வில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் இரத்தம் உறைவதும் மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன.

உண்மையில் தேவைப்படுபவர் தயங்காமல் தொடங்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. அதில் முதல் நாட்களில் உற்சாகம் ஏறி, அடுத்த ஊசி நெருங்கும்போது தளர்ச்சி வரும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் எண்ணெய் ஊசியில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. தோளில் பூசும் ஜெல்லும் உண்டு. ஜெல் பூசுபவர் கையைக் கழுவி, காய்ந்த பிறகு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். பூசிய தோளில் குழந்தையைத் தூக்கிச் சாய்த்தால் மருந்து குழந்தைக்கு ஒட்டிவிடும், பெண்களுக்கும் கூடாது. நம் ஊர் வெயிலில் சட்டையில்லாமல் திண்ணையில் இருக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொடங்குமுன் இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி. பரிசோதனையும், நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும் செய்வோம். மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பவும், பிறகு வருடா வருடமும் பார்ப்போம். டெங்குக் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே எஃப்.பி.சி.தான். அதில் சிவப்பணுவின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, காரணம் பார்த்து, அளவைக் குறைத்துத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். இது அபூர்வம் என்று எண்ண வேண்டாம். 2021இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் மூன்று மாத ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த அளவைத் தொட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்துவிட்டு இரத்தம் கொடுத்தாலும் கூடிக் காட்டும். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், வெறும் வயிறு என்பது தண்ணீருக்குப் பொருந்தாது.

பலன் ஒரே நாளில் வராது. ஆசை திரும்ப மூன்று முதல் ஆறு வாரம், தசை தேற மூன்று நாலு மாதம், எலும்பு தேற ஆறு மாதத்துக்கு மேல். ஒரு காலில் வீக்கமும் நோவும், நெஞ்சு நோவு, திடீர் மூச்சுத்திணறல், சிறுநீர் அடைப்பு வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அளவு சரியாக ஏறியும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், மருந்தை நிறுத்துவதைப் பற்றி வைத்தியரோடு பேசுங்கள். காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதல் முறை வரும்போது எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், யாரோ தந்த லேகியமும் ஜிம்மில் வாங்கிய டப்பாவும் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். விரும்பினால் மனைவியையும் கூட்டி வரலாம். குறட்டையைப் பற்றி அவரிடம்தான் சரியான பதில் கிடைக்கும். நன்றி, வணக்கம்.