சைவ ஓட்டலும் சமையல்காரர் வீடும்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணி நண்பர்களே, பொங்கல் சாப்பிட்ட பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் டோக்கியோ நிஷி கசாய் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஜப்பானிய பாப் ஐடல்கள், அதாவது மேடையில் பாடி ஆடும் இளம் நட்சத்திரங்கள், காதலிக்கக் கூடாது என்ற தடை, ரசிகருக்குச் செய்யும் மரியாதையா, அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயமா? அநியாயமே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு போடு போட்டார். "சுத்த சைவம் என்று போர்டு மாட்டிவிட்டு, பின்கட்டில் கோழிக் குழம்பு கொதித்தால் சும்மா இருப்பீர்களா? காசைத் திருப்பிக் கேட்க மாட்டீர்களா? ஐடல் என்பவள் போர்டு மாட்டிய கடை!" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னை முறைத்தார். என்ன செய்வது ஐயா, வசனம் நன்றாக இருந்தது.

தங்கைக்குப் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு கதை.

நான் டோக்கியோ வந்த புதிது. எங்கள் ஆபீஸில் ஒரு கச்சோ, அதாவது செக்‌ஷன் தலைவர். ஐம்பதை நெருங்குகிற வயது, கல்யாணம் ஆகாதவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எக்செல் ஷீட்டில் ஒரு கட்டம் லேசாக நிறம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்கிறதா?" என்று கேட்டார். சரி, வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே இருபது சிடி. இருபதும் ஒரே பாட்டு!

ஏன் இருபது? ஒவ்வொரு சிடிக்குள்ளும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் கொடுத்தால், பாடிய பெண்ணோடு சில விநாடி கை குலுக்கலாம். பாட்டு இலவச இணைப்பு, கைதான் சரக்கு.

இந்த வியாபாரம் சூடு பிடித்த கதை இங்கே பக்கத்தில்தான் நடந்தது. 2005 டிசம்பரில், அகிஹபாராவில் டான் கிஹோட்டே கடை இருக்கும் கட்டிடத்தின் 8ஆவது மாடியில், 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கில் ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழு தொடங்கியது. முதல் நாள் டிக்கெட் எடுத்து வந்த பொதுமக்கள் 7 பேர். நம் பட்டிமன்றத்துக்கே இதைவிடக் கூட்டம். தயாரிப்பாளர் அகிமோதோ யாசுஷி பிடித்த சூத்திரம், 'நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்'. தினமும் மேடை, அப்புறம் கைகுலுக்கல், அப்புறம் தேர்தல். 2009 முதல் 2018 வரை, எந்தப் பெண் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுச் சீட்டும் சிடிக்குள்தான். எத்தனை சிடியோ அத்தனை ஓட்டு. நம் ஊரில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள், இங்கே காசு கொடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கச்சோவிடம் வருகிறேன். இருபதில் மூன்று சீட்டை எனக்குக் கொடுத்தார், கூடவே மூன்று சிடி. அந்த மூன்றும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. காக்கை விரட்டுவதற்காகப் பால்கனியில் என் மனைவி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். டோக்கியோ காக்கை எதற்கும் பயப்படாது என்பது வேறு விஷயம்.

மக்குஹாரி மெஸ்ஸே. அந்தப் பெரிய மண்டபத்தில் வளைந்து வளைந்து வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். கச்சோ தலையை வாரினார், கையைத் துடைத்தார், மறுபடி வாரினார். கடைசியில் பெண் நிற்கிறாள். பக்கத்தில் ஓர் ஆள். அவருக்கு 'ஹகாஷி' என்று பட்டப்பெயர், பிய்த்தெடுப்பவர் என்று பொருள். நேரம் முடிந்ததும் "ஓஜிகான் தேஸ்", அதாவது நேரமாகிவிட்டது என்று சொல்லித் தோளைப் பிடித்து நகர்த்துவார். திருப்பதி போனவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஜருகண்டி, ஜருகண்டி! நாடு மாறினாலும் பெருமாள் முன்னால் அதே கைதான்.

ரயிலில் வரும்போதே நான் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். "முதல் சந்திப்பு. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன். பாட்டு மிக நன்றாக இருக்கிறது." என் முறை வந்தது. அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். வாக்கியம் போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது. வாய் தானாகத் திறந்தது. என்ன வந்தது தெரியுமா? "ஓட்சுகரேசாமா தேஸ்!"

இங்கே வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, மாமாக்களுக்குச் சொல்கிறேன். ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் சொல் அது. லிஃப்டில் சொல்வோம், போனில் சொல்வோம், விளக்கை அணைக்கும்போது சொல்வோம். 'உழைத்துக் களைத்திருப்பீர்கள்' என்று அர்த்தம். பெருமாள் சன்னிதியில் நின்றுகொண்டு, "சார், அந்த ஃபைலை மெயில் பண்ணிட்டேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைச் செய்தேன். சொன்னதோடு விட்டேனா? குனிந்தேன். ஆபீஸ் குனிவு. கையை விடாமலே குனிந்தேன். ஹகாஷி ஒரு விநாடி தன் வேலையை மறந்தார்.

திரும்பும் ரயிலில் கச்சோ பேசவில்லை. நாலு ஸ்டேஷன் போயிற்று. ஐந்தாவதில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! அந்த மனிதர் சிரித்ததை முதலில் பார்த்தவன் நான். இன்றைக்கும் ஆண்டுக் கடைசி போனென்காய் விருந்தில் என்னை எழுப்பி நிற்க வைத்து இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். குனிவையும் செய்து காட்ட வேண்டும். இதோ, இப்படி.

அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள்? அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவர் மணி அடிக்காமல் இருக்க எனக்கும் ஒரு பிணை வேண்டும்.

இப்போது தங்கையின் ஓட்டலுக்குள் போவோம். சுத்த சைவம். சரி. போர்டு எங்கே மாட்டியிருக்கிறது? கடையில். உங்கள் ஓட்டலில் சாம்பார் வைக்கும் மாஸ்டர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அயிரை மீன் குழம்பு சாப்பிட்டால், பின்னாலேயே போய் ஜன்னலில் மூக்கை வைத்து மோப்பம் பிடிப்பீர்களா? இங்கே பிடிக்கிறார்கள் அம்மா! அதற்கென்றே ஆள் வைத்து, ராத்திரி முழுக்க வாசலில் கேமராவோடு காத்திருக்கும் பத்திரிகைகள் உண்டு. ஷூகான் புன்ஷுன் வியாழக்கிழமை வருகிறது என்றால் புதன்கிழமையே மேனேஜர்களுக்கு வயிறு கலக்கும்.

இன்னொன்று. உங்கள் இலையில் கோழி விழுந்ததா? பாட்டில் சுருதி போனதா? ஆட்டத்தில் ஒரு அடி தப்பியதா? கேட்ட சாம்பார் வந்தது, சூடாக வந்தது. மாஸ்டர் வீட்டு மீனுக்கு நீங்கள் ஏன் ஏப்பம் விடுகிறீர்கள்?

வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்றார் தங்கை. ஓடினாரா? சாஷிஹாரா ரினோ. 2012 ஜூனில் அவருடைய பழைய காதல் என்று புன்ஷுன் எழுதியது. உடனே அகிஹபாராவிலிருந்து தூக்கி, ஃபுகுவோகாவில் எச்கேடி48 குழுவில் போட்டார்கள். நம் ஊர் பாஷையில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் வாங்கிய ஓட்டு 1,50,570. முதலிடம்! மீன் வாசனை வந்த கடையில்தான் அந்த வருஷம் கூட்டம் அம்மியது. 2015, 2016, 2017 என்று அப்புறமும் மூன்று முறை அவரே.

2017 தேர்தலில் ஒரு பெண் ஓட்டு வாங்கிய மேடையிலேயே "எனக்குக் கல்யாணம்" என்று அறிவித்தாரே, அவருக்காகச் சிடி வாங்கியவன் கதி என்ன என்று எதிரணி ஐயா கேட்டார். வலித்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மேலே போகிறேன்.

மரபு என்றும் ஒரு வாதம் வந்தது. 1980இல் யாமகுச்சி மொமோயே, 21 வயதில், புதோகான் மேடையில் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனார், திரும்பவே இல்லை, அதுதான் கண்ணியம் என்றார்கள். சரி, 1985இல் மட்சுதா செய்கோ? கல்யாணம் செய்தார், மறு ஆண்டு பிள்ளை பெற்றார், பாட்டையும் விடவில்லை. அவருக்கு 'மாமாடோல்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் மாமாவை நினைக்காதீர்கள், இங்கே மாமா என்றால் அம்மா. ஆண்கள் பக்கம் பார்த்தால், ஸ்மாப் குழுவின் கிமுரா தகுயா 2000இல் கல்யாணம் செய்தார். குழு 2016 வரை ஓடியது.

கோர்ட்டும் இந்த ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்தது. 2015இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், தடையை மீறிய 17 வயதுப் பெண் 6,50,000 யென் கட்ட வேண்டும் என்றது. ஆண் ரசிகர்களின் ஆதரவைப் பெற அந்தத் தடை தேவை என்றார் நீதிபதி. நான்கே மாதம். 2016 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு பெண்ணின் வழக்கில், காதலும் மனிதர் மகிழ்ச்சியைத் தேடும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, நஷ்ட ஈடு கேட்ட நிறுவனத்தின் மனுவைத் தள்ளிவிட்டது. ஒரே சமையலறை, இரண்டு ருசி. நடுவர் ஐயா இரண்டாவதைப் பரிமாறுவார் என்று நம்புகிறேன்.

மணியைத் தொடுகிறீர்கள். "ஓஜிகான் தேஸ்" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டே நிமிடம்.

போர்டை எழுதியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். மினேகிஷி மினாமி ஏகேபி48இன் முதல் தலைமுறை. அந்த 8ஆவது மாடியில் மேடை ஏறியபோது 13 வயது. நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கக்கூட நாம்தான் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி 31, அந்தப் பெண் இன்னொரு குழுவின் நடனக் கலைஞர் வீட்டில் தங்கினார் என்று பத்திரிகை வந்தது. அதே நாள், தன் தலையைத் தானே மொட்டை அடித்துக்கொண்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து அழுதார். யாரும் சொல்லவில்லை, நானே முடிவு செய்தேன் என்றார். குழுவை விட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். வயது 20. அவரைப் பயிற்சி மாணவியாக இறக்கினார்கள். அந்த ஆண் கலைஞரின் முடி அப்படியே இருந்தது.

நமக்கு மொட்டை என்றால் பழனி. சந்தனம் பூசிவிடுவோம், தொப்பி வாங்கித் தருவோம், வீடு வரும் வரை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வருவோம். அந்தப் பெண்ணின் தலையைத் தடவ அந்த அறையில் யார் இருந்தார்கள்? தங்கை, நீங்கள் குனிந்துகொள்கிறீர்கள். உங்களை அழவைக்க நான் வரவில்லை. அவர் அப்புறம் 2021 வரை அதே குழுவில் ஆடினார், 2022இல் கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருக்கிறார்.

பிணையை விடுவிக்கிறேன். மக்குஹாரியில், நான் குனிந்து "ஓட்சுகரேசாமா தேஸ்" என்றேன் அல்லவா? அதுவரை அவள் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தாள், மேலே தூக்கிய குரல், பொம்மைக் குரல். நான் சொன்னதும் ஒரு கணம் அந்தச் சிரிப்பு நின்றது. கால் மாற்றி நின்றாள். காலையிலிருந்து நிற்கிற கால். அப்புறம் தாழ்ந்த, சாதாரணக் குரலில், பக்கத்து மேஜைக்காரி போல, "ஓட்சுகரேசாமா தேஸ்" என்று எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

சில ஆண்டு கழித்து அவளும் 'சோட்சுக்யோ' செய்தாள். குழுவை விட்டு விலகுவதை இங்கே பட்டம் பெறுவது என்பார்கள். அதற்கும் பிறகு ஒரு நாள், அவளுக்குக் கல்யாணம் என்று போனில் செய்தி பார்த்தேன். முதலில் கச்சோவின் மேஜையைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது. மனிதர் லீவு போட்டுவிட்டார், வீட்டில் என்ன செய்கிறாரோ என்று பயந்தேன்.

பத்தே கால் மணிக்கு வந்தார். பதினாறு ஆண்டில் முதல் தாமதம். கையில் ஒரு பெரிய பெட்டி. ஊருக்குப் போய் வந்தால் நாமெல்லாம் பலகாரம் வைப்போமே, அந்த அலமாரியில் வைத்துத் திறந்தார். சிவப்பும் வெள்ளையுமாக 'மன்ஜூ'. குடும்பத்தில் நல்லது நடந்தால் கொடுக்கும் இனிப்பு. எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அன்று மக்குஹாரியில் குனிந்த மாதிரியே குனிந்தேன். அவரும் குனிந்தார்.