ரிவர்ப் வாங்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். கோடைக்கானலில் இருப்பவர்களுக்கும், கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். எலக்ட்ரிக் கிடாருக்கு ரிவர்ப் பெடல், அதாவது சத்தத்தைப் பெரிய அறையில் முழங்குவது போல நீளவைக்கும், காலால் மிதிக்கிற பெட்டி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லச் சொன்னார்கள். கிடார் வாசிக்காதவர்கள் உடனே ரேடியோவைத் திருப்பிவிட வேண்டாம். குளியலறையில் பாடிப் பார்த்து, ‘அட, நமக்கும் குரல் இருக்கிறதே’ என்று ஒரு நாளாவது நினைத்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும்.

குளியலறையில் என்ன நடக்கிறது? டைல்ஸ் சுவரில் சத்தம் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பாடி நிறுத்திய பிறகும் ஒரு வால் மாதிரி நீள்கிறது. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் குளியலறையையே இதற்குப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பாட்டை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவில் கலந்தார். இன்று காலடியில் கிடக்கும் அந்தச் சின்னப் பெட்டி செய்வதும் அதே வேலைதான். இல்லாத அறையை உண்டாக்குகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வட்டக்கானலைத் தாண்டி டால்பின் நோஸ் பக்கம் எக்கோ பாறைக்குப் போய்க் கத்தியிருப்பீர்கள். சற்றுப் பொறுத்து, உங்கள் பெயர் தனியாக, முழுதாகத் திரும்பி வரும். அதைச் செய்கிற பெடல் வேறு, அது டிலே. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கத்தி ஒரு நொடி கழித்துப் பதில் வந்தால் எதிர்ப்பாறை 170 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. பத்து மீட்டரில் சுவர் இருந்தால் திரும்பும் சத்தத்தைக் காது தனியாகப் பிரித்துக் கேட்காது, கலந்துதான் கேட்கும். அது ரிவர்ப். திருவிழா மேடையில் மைக்செட்காரர் “அண்ணே, எக்கோ போடவா?” என்று கேட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துத் திருகிவிடுவார், அது வேறு கதை.

சரி, என் கட்சிக்கு வருகிறேன். எந்த பெடல் நல்ல பெடல் என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. எங்கே வாசிக்கப் போகிறாய் என்றுதான் கேட்பேன். எங்கே வாசிக்கப் போகிறாய், தம்பி? அதைச் சொல், பிறகு பெடலைப் பார்க்கலாம்.

நம் மலை வீடுகளை நினைத்துப் பாருங்கள். மரப்பலகை சீலிங், தரையில் ஜமுக்காளம், கட்டிலில் கம்பளி அடுக்கு, ஆணியில் ஸ்வெட்டர்கள். சத்தத்தை எல்லாம் இவை குடித்துவிடும். அந்த அறையில் உட்கார்ந்து பெடலைத் திருகினால் முக்கால்வாசி திருகினாலும் போதாது போலத்தான் இருக்கும். அதே அளவோடு மறுநாள் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ போய் வாசித்தால், முதல் கார்டு, அதாவது சேர்த்து அடித்த சுரங்கள், அடங்குவதற்குள் மூன்றாவது கார்டு வந்து மேலே விழும். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. மண்டபத்துக்கே சொந்தமாக ஒரு ரிவர்ப் இருக்கிறது. அதன்மேல் நீங்கள் இன்னொரு மண்டபத்தைக் கட்டுகிறீர்கள்.

எங்கள் தேவாலயக் கொயரில், அதாவது பாடற்குழுவில், கிடார் வாசிக்கும் ஒரு பையன், கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு மதியமே வந்து சவுண்ட் செக் பார்த்தான். கோயில் காலி. கல் சுவர், உயரமான கூரை. “அண்ணே, பெடலே வேண்டாம்போல இருக்கு, அணைச்சிடவா?” என்றான். “அணைச்சுக்க, ஆனா கழட்டி வைக்காதே” என்றேன். இரவு கோயில் நிறைந்தது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காதைச் சுற்றி மஃப்ளர். மதியம் அவ்வளவு முழங்கிய கோயில் காய்ந்துபோய்விட்டது. முதல் பாட்டிலேயே பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் காலைக் காட்டினேன், அவன் பெடலை மிதித்தான்.

இதை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு விரிவுரை அறையில் பேசிய சொல் ஐந்தரை நொடி வரை அடங்காமல் நின்றதாம். வாத்தியார் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சபைன் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மனிதர்கள் உட்கார்ந்தாலும் சத்தம் குறையும் என்பதையும் அளந்தார். நம் ஊரில் ஸ்வெட்டரும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே சவுண்ட் செக்கில் வைத்த அளவு கச்சேரிக்கு உதவாது. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள்: கூட்டம் வந்த பிறகு குமிழை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

பூம்பாறைத் திருவிழா மாதிரி திறந்தவெளி மேடை என்றால் சுவரே இல்லை. அங்கேதான் பெடலுக்கு முழு வேலை.

அப்புறம், பெடலின் மேல் ஸ்பிரிங், பிளேட், ஹால், ரூம் என்று ரிவர்ப் வகைகளை எழுதியிருக்கும். பிளேட் என்பது 1957-இல் ஜெர்மனியில் வந்த சாதனத்தின் நகல். ஆள் உயரத்துக்கும் நீளமான எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைப்பார்கள், எடை கால் டன்னுக்கு மேல். ஹால் உங்களுக்கே தெரியும். நான் நின்று பேச விரும்புவது ஸ்பிரிங்.

கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் இருக்கிறதே, பழையது ஒன்றின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். அடியில் ஒரு முழ நீளத்தில் தட்டையான தகரப் பெட்டி இருக்கும், சிலவற்றில் ரெக்சின் பை மாட்டியிருக்கும். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்குகள் இரண்டோ மூன்றோ, இரு முனையிலும் கட்டித் தொங்கும். ஒரு முனையில் கிடார் சத்தம் ஸ்பிரிங்கை ஆட்டும். ஆட்டம் மறுமுனைக்கு ஓடி, அங்கிருந்து திரும்பி, மறுபடி ஓடி மெல்ல அடங்கும். மறுமுனையில் இருக்கும் கம்பிச்சுருள் அதைப் பிடித்துத் தரும். அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, இது பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் சத்தம் தாமதமாவதைச் சோதிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிங்கை வைத்துப் பார்த்தார்கள். ஹேமண்ட் என்பவர் ஆர்கன் வாத்தியம் செய்து விற்றார். தேவாலயத்தில் முழங்கிய ஆர்கன் வீட்டு ஹாலில் வறண்டு கேட்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டதால், அந்த ஸ்பிரிங்கை எடுத்து ஆர்கனுக்குள் வைத்தார். அங்கிருந்து கிடாருக்கு வந்தது. 1961-இல் ஃபெண்டர் கம்பெனி தனிப்பெட்டியாக விற்றது, 1963-இல் ஆம்புக்குள்ளேயே வைத்தது. கடற்கரைக் கிடார்காரர்களின் இசை, சர்ஃப் என்பார்களே, அதில் வரும் ஈரச் சத்தம் இதுதான்.

அசல் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. ஆம்பைத் தட்டினால் ‘தடால்’ என்று இடி இடிக்கும். பலகை மேடையில் யாராவது குதித்து ஆடினால் போதும், ஆம்ப் தானாக உறுமும். பெடலில் அந்த வம்பு இல்லை. ஆனால் கிடார் கம்பியை அழுத்தி இழுத்து அடித்தால் ‘ட்ளிப்’ என்று ஒரு நீர்த்துளிச் சத்தம் வரும் பாருங்கள், அது நல்ல பெடலிலும் இருக்க வேண்டும். இருந்தால் ஸ்பிரிங்கை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடையில் எப்படிச் சோதிப்பது? வேகமாக லீட் வாசித்துக் காட்டாதீர்கள், கடைக்காரர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். ஒரே ஒரு சுரம், அடித்து உடனே உள்ளங்கையால் கம்பியை அமுக்குங்கள். இப்போது வாலை மட்டும் கேளுங்கள். அது வழுவழுப்பாக அடங்குகிறதா, கடைசியில் தகரத்தில் மணல் கொட்டின மாதிரி கரகரக்கிறதா? கரகரத்தால் எத்தனை விளக்கு எரிந்தாலும் வேண்டாம். பன்னிரண்டு விதச் சத்தம் தரும் பெடலில் பத்தை நீங்கள் தொடப்போவதில்லை. எவ்வளவு கலக்க, எவ்வளவு நேரம் நீள, எவ்வளவு பளிச்சென்று இருக்க என்று மூன்று குமிழ் போதும். இருட்டு மேடையில் குனிந்து தேடுகிறவன் நீங்கள்தானே.

நிகழ்ச்சி அமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். இன்னும் மூன்று விஷயம், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் முன்னால், ரிவர்ப் பின்னால். மாற்றிப் போட்டால் அறையே நொறுங்கின மாதிரி கேட்கும். அணைக்கும்போது வால் பட்டென்று அறுபடுகிறதா, தானாக அடங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள், மெதுவான பாட்டுக்கு அடங்குவதுதான் நல்லது. மூன்றாவது, கரன்ட். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், அடாப்டர் பின்னின் நடுவில் நெகட்டிவ். டிஜிட்டல் ரிவர்ப் 100 மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ கேட்கும், சின்ன பேட்டரி அதற்குத் தாங்காது. பெடலின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள். பழைய ரேடியோவோடு வந்ததை எடுத்துச் சொருகாதீர்கள், சிலவற்றில் நடுவில் பாசிட்டிவ் இருக்கும். பல பெடலுக்கு ஒரே அடாப்டர் போட்டு இரைச்சல் வந்தால் ரிவர்புக்கு மட்டும் தனியாக ஒன்று கொடுத்துப் பாருங்கள். விலையைப் பற்றிப் பேச நேரமில்லை, செகண்ட் ஹேண்டில் பார்த்தால் தப்பில்லை, குமிழைத் திருகும்போது கரகரக்காமல் இருந்தால் வாங்கலாம். நன்றி, வணக்கம்.